நாலு சொல் வந்து நிற்பதற்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தேவையா?

எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பற்றிப் பேச்செடுத்தாலே வெடிப்பு, புகை, பறக்கும் கார் என்று போய்விடுவார்கள். என் பிழைப்பு அதில் இல்லை. பிராண்டுகளுக்கு ரீல்ஸ் செய்து கொடுக்கிறேன். வேலையில் முக்கால்வாசி இவ்வளவுதான்: நாலு சொல் திரைக்குள் வர வேண்டும், படித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும், அப்புறம் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்த ஒரு வேலையை வைத்தே இந்த மென்பொருளை எடைபோடுகிறேன்.

இதை 1993-இல் கோசா என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. மறுவருடம் அடோபியின் கைக்கு வந்துவிட்டது. அந்த வயது திரையிலேயே தெரியும். அமைப்புகளின் பட்டியலில் ஒரு முக்கோணத்தைத் திறந்தால் உள்ளே நாலு முக்கோணம். எழுத்து அசைவுக்கான நல்ல சரக்கெல்லாம் மூன்றாவது, நான்காவது அடுக்கில்தான் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் பலர் மேலோட்டமாக இருக்கும் பிரிசெட்களோடு, அதாவது ரெடிமேட் அசைவுகளோடு, நின்றுவிடுகிறார்கள். டைப்ரைட்டர் மாதிரியான அந்தப் பிரிசெட்களை அப்படியே வீடியோவில் போடாதீர்கள், எங்கேயோ பார்த்தது போலவே இருக்கும். பாடமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் போட்டுவிட்டு யூ விசையை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால், அது எதையெல்லாம் மாற்றியிருக்கிறது என்று விரித்துக் காட்டிவிடும்.

இந்த மென்பொருளை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் ரேஞ்ச் செலக்டர். டெக்ஸ்ட் லேயரில் அனிமேட் என்பதை அழுத்தி பொசிஷனையும் (இடம்) ஒபாசிட்டியையும் (எவ்வளவு தெரிகிறது என்ற அளவு) சேருங்கள். பொசிஷனில் அறுபது பிக்சல் கீழே இறக்கி, ஒபாசிட்டியைப் பூஜ்யமாக்கினால் வரி முழுக்க மறைந்துவிடும். ஒவ்வொரு எழுத்தும் இந்தக் கட்டளைக்கு எவ்வளவு தூரம் கீழ்ப்படிய வேண்டும் என்பதை முடிவு செய்வதுதான் செலக்டரின் வேலை. வழக்கமாக ஷேப் என்ற இடத்தில் ஸ்கொயர் இருக்கும். அப்படியே விட்டால் எழுத்துகள் ஒன்று முடிந்து ஒன்றாக டக் டக்கென்று வரும். அதை ராம்ப் அப் ஆக்கிவிட்டு, செலக்டரை வரி நெடுக நகர்த்தும் ஆஃப்செட்டை மைனஸ் 100-இலிருந்து 100 வரை நகர்த்திப் பாருங்கள். முதல் எழுத்து உட்காரும்போதே பின்னால் வருவது பாதி வழியில் இருக்கும், கடைசி எழுத்து இன்னும் கிளம்பியே இருக்காது. அட்வான்ஸ்டு பகுதியில் ஈஸ் லோ என்பதை 100-க்கு ஏற்றினால் ஒவ்வொன்றும் மெதுவாக வந்து அமரும். ஒரே வரிக்கு இரண்டே இரண்டு கீஃப்ரேம், அதாவது எந்த நேரத்தில் என்ன மதிப்பு என்று குறிக்கும் புள்ளிகள். எழுத்துக்கு ஒரு லேயர் என்று பிரித்து மண்டை உடைத்துக்கொள்ளும் வேலையே இல்லை.

அடுத்தது அசைவின் வேகத்தை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டர். கீஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டினால் ஈஸி ஈஸ், அதாவது மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும் அசைவு வரும், இரு பக்கமும் 33.33 சதவீதம் இன்ஃப்ளூயன்ஸ் (அந்த மெதுவு எவ்வளவு நீள்கிறது என்ற அளவு). பலர் இங்கேயே திருப்தியடைந்துவிடுகிறார்கள். எனக்கு இது போதாது. வேகமாக நுழைந்து நிதானமாக நிற்கும் எழுத்துதான் பார்க்க விலை உயர்ந்ததாகத் தெரியும். கடைசி கீஃப்ரேமின் உள்வரும் பக்கத்தை எண்பதுக்குப் பக்கத்தில் இழுத்துவிடுவேன். ஈஸே இல்லாமல் விட்டால் எழுத்து டவுன்பஸ் பிரேக் போட்ட மாதிரி நிற்கும். நுழைய அரை வினாடி, வெளியேற அதில் பாதி என்பது என் வழக்கம். போகிற எழுத்தை யாரும் ரசித்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

தமிழ் எழுத்துக்கு வருவோம். இந்த மென்பொருளுக்கு யூனிகோடு தமிழைச் சரியாக அடுக்கத் தெரியாத காலத்தில், பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களை வைத்துத்தான் இதில் தமிழ் வேலை நடந்தது. அதில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தனித்தனி எழுத்து. எழுத்து வாரியாக அசைத்தால் கொம்பு முதலில் தனியாகக் கிளம்பி வரும். எழுத்து இடைவெளியான ட்ராக்கிங்கை விரித்தால் கால் எங்கேயோ போய் நிற்கும். பிந்தைய பதிப்புகளில் இந்திய எழுத்துகளையும் கையாளும் டெக்ஸ்ட் எஞ்சின் வந்துவிட்டதால் யூனிகோடிலேயே தட்டச்சு செய்யலாம். இருந்தாலும் தமிழுக்கு நான் செலக்டரின் பேஸ்டு ஆன் என்பதில் வேர்ட்ஸைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். சொல் சொல்லாக வந்தால் எழுத்து உடையும் பேச்சே இல்லை. தவிர, நம் சொற்கள் நீளமானவை. ‘அறிமுகப்படுத்துகிறோம்’ ஒவ்வொரு எழுத்தாக வந்து முடிவதற்குள் பார்ப்பவர் அடுத்த ரீலுக்குப் போயிருப்பார். ஸ்கேலும் (அளவு) சேர்ப்பதாக இருந்தால் மோர் ஆப்ஷன்ஸில், எதை மையமாக வைத்துப் பெரிதாக வேண்டும் என்று சொல்லும் ஆங்கர் பாயின்ட் குரூப்பிங்கையும் வேர்டுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் தன் இடத்திலேயே நின்று தனித்தனியாக வீங்கும்.

குறைகளும் சின்னவை அல்ல. சந்தா கட்டினால்தான் ஓடும், ஒரே தடவை வாங்கி வைத்துக்கொள்ளும் வழி கிடையாது. ரேமைப் பொறுத்தவரை அடோபி கேட்பது குறைந்தது 16 ஜிபி, பரிந்துரைப்பது 32. எழுத்து வேலைதானே என்று நினைத்து அசையும்போது மங்கலாகத் தெரியவைக்கும் மோஷன் பிளரையும் போட்டுவிட்டால் பிரிவியூ ஓடுவதற்கு முன் காத்திருக்க வேண்டியதுதான். என்றாவது ஒரு போஸ்ட் போடுகிறவருக்கு இதெல்லாம் அதிகப்படி. போனில் இருக்கும் ஏதோ ஒரு ஆப் போதும், தாராளமாக அதிலேயே செய்யுங்கள். பிராண்டின் சொந்த எழுத்துரு, அதே வேகம், அதே அசைவு எல்லா வீடியோவிலும் மாறாமல் வர வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் டெம்ப்ளேட் ஆப்கள் கைவிரிக்கும். நான் முன்பு பயன்படுத்திய ஒன்றில் எழுத்தின் நிறத்தை மாற்றலாம், வேகத்தைத் தொட முடியாது. அதே அசைவு அதே வாரத்தில் போட்டி பிராண்டின் வீடியோவிலும் வந்தது. வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

தொடர்ந்து வீடியோ போடும் பிராண்டுக்கு இந்தச் சந்தாவை நியாயப்படுத்துவது 2017-இல் வந்த மோஷன் கிராஃபிக்ஸ் டெம்ப்ளேட் வசதிதான். அசைவை ஒரு தடவை ஒழுங்காகச் செய்து, எசென்ஷியல் கிராஃபிக்ஸ் பேனல் வழியாக ஏற்றுமதி செய்துவிட்டால், அடோபியின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் வைத்திருக்கும் வாடிக்கையாளர் தன் வரியைத் தானே மாற்றிக்கொள்ளலாம். எழுத்துக்குப் பின்னால் நிறப்பெட்டி இருந்தால் சோர்ஸ்ரெக்ட்அட்டைம் என்ற எக்ஸ்பிரஷனை (எழுத்தின் அளவை அளக்கும் சின்னக் கட்டளை) அதன் அளவில் போட்டுவிடுங்கள்; சொல் நீண்டால் பெட்டியும் கூடவே நீளும். இதைப் போடாமல் கொடுத்தால் ராத்திரி போன் வரும். டெம்ப்ளேட்டில் எதைத் திறந்துவிடுவது, எதைப் பூட்டுவது என்பது நம் கையில்தான் இருக்கிறது. நான் எழுத்தையும் நிறத்தையும் மட்டும் திறந்துவிடுவேன். வேகம், ஈஸ் இரண்டையும் அவர்கள் கண்ணிலேயே காட்ட மாட்டேன். எழுத்துருக் கோப்பையும் உரிமம் பார்த்துக்கொண்டு கையோடு கொடுத்துவிடுவது நல்லது. அது அவர்கள் கணினியில் இல்லையென்றால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும், பெட்டி, இடைவெளி, நாம் மெனக்கெட்ட அத்தனையும் கோணலாகிவிடும்.