எல் நிடோவில் தீவு சுற்றும் படகு: டூர் ஏ எடுக்கலாமா?

பிலிப்பைன்ஸில் பலவான் தீவின் வடக்கு ஓரத்தில் இருக்கும் எல் நிடோவுக்கு மார்ச்சில் நானும் தங்கச்சியும் போய்வந்தோம். இந்தியர்களுக்கு 14 நாள் வரை விசா வேண்டாம் என்று 2025 ஜூனில் ஆக்கிவிட்டார்கள் இல்லையா, அதுதான் எங்களைக் கிளப்பிவிட்டது. புவேர்ட்டோ பிரின்செசாவில் இறங்கி வேனில் ஐந்தாறு மணி நேரம், வளைவு மேல் வளைவு. வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் ஏ, பி, சி, டி என்று, வெவ்வேறு இடங்களைச் சுற்றும் நாலு டூர்தான். நாங்கள் எடுத்தது ஏ, மற்றவர்களோடு சேர்ந்து போகும் படகு, ஆளுக்கு 1,400 பெசோ (அந்த ஊர்ப் பணம்), மதியச் சாப்பாடு அதிலேயே. அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், சுற்றுச்சூழல் கட்டணம் தனி (ஒருமுறை கட்டினால் 10 நாளுக்குச் செல்லும், சீட்டைத் தொலைக்காதீர்கள்), பெரிய லகூனுக்கு (பாறைகள் சூழ்ந்த கடல்நீர்க் குளம்) ஆளுக்கு 200 தனி, கயாக் என்ற குட்டித் துடுப்புப் படகின் வாடகை தனி. கடைப் பலகையில் இதெல்லாம் பொடி எழுத்தில்கூட இல்லை.

காலை ஒன்பதுக்குக் கடற்கரையில் நின்றால் படகு இருபது அடி தள்ளி நிற்கிறது. இடுப்பளவு தண்ணீரில் பையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்துதான் ஏற வேண்டும். பங்கா என்கிறார்கள் அதை: ஒல்லியான உடம்பு, கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் பூச்சிக்கால் மாதிரி நீட்டிக் கட்டிய மூங்கில். அசைவு குறைவு, ஆனால் எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

பெரிய லகூன் மட்டும், சத்தியமாக, கொடுத்த காசு அத்தனைக்கும் ஈடு. உள்ளே மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை, கயாக்தான். வாசலில் தண்ணீர் அவ்வளவு ஆழம் குறைவு, கயாக்கின் அடி மணலில் சரசரவென்று உரசியது. இரண்டு துடுப்பு தள்ளியதும் தண்ணீரின் பச்சை சட்டென்று கருநீலமாகிவிட்டது, இருபக்கமும் செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை. தங்கச்சி துடுப்பை மடியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள், துடுப்பு நுனியிலிருந்து சொட்டுவது கேட்டது. இந்தப் பாறைகளில் உழவாரக் குருவிகள் எச்சிலால் கூடு கட்டும், சீனர்கள் சூப் வைக்கும் அதே கூடு. ஸ்பானிஷில் எல் நிடோ என்றாலே கூடுதான். 1954 வரை இந்த ஊருக்குப் பெயர் பாகுயிட்.

எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். போதவே போதாது.

அடுத்து ரகசிய லகூன். பாறையில் ஒரு பொந்து, அதில் நுழையக் காத்திருக்கும் வரிசையைப் பார்த்தால் ரேஷன் கடை தோற்றது. உள்ளே முழங்கால் தண்ணீரில் முப்பது பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரகசியமாம்!

சாப்பாடு ஷிமிசு தீவில். நாங்கள் ஸ்நார்கெல் மூச்சுக்குழாய் போட்டு மீன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், படகின் பின்பக்கம் ஒருவர் கரி அடுப்பில் முழு மீனும் பன்றி இறைச்சியும் சுட்டுக்கொண்டிருந்தார். மீனில் உப்பும் எலுமிச்சையும் தவிர ஒன்றும் தெரியவில்லை, அப்படி ஒரு ருசி. தங்கச்சி சைவம். முன்பதிவின்போதும் சொன்னோம், ஏறும்போதும் சொன்னோம், தலையை ஆட்டினார்கள், கடைசியில் அவள் தட்டில் வந்தது வெறும் சோறு, வெள்ளரிக்காய், தர்பூசணி. கைப்பையில் பருப்புப் பொடி இருந்ததால் பிழைத்தாள்.

என் கோபம் வேறு. டூரில் ஐந்து இடம் என்று போட்டுவிட்டு நாலுதான் காட்டினார்கள். சிறிய லகூன் எங்கே என்று கேட்டால் "கூட்டம்" என்று ஒரே சொல், சிரிப்போடு. கரைக்கு வந்து கடையில் கேட்டபோதும் அதே சிரிப்பு, பணம் ஒன்றும் திரும்பவில்லை. படகுப் பையன்கள்மேல் குறையில்லை, நீச்சல் தெரியாத ஒரு அம்மாவை லைஃப் ஜாக்கெட்டோடு கையைப் பிடித்தே கூட்டிப்போனார்கள். கடைசியாகப் போன செவன் கமாண்டோஸ் கடற்கரையில் தென்னை, வெள்ளை மணல், இளநீர். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குள் களைத்துவிட்டோம்.

போகிறவர்கள் பவளப்பாறை காலைக் கிழிக்காமல் இருக்க ரப்பர் செருப்பு எடுத்துப்போங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலைப் படகில் ஏற்ற விடமாட்டார்கள், வீட்டுப் பாட்டில் வேண்டும். ஏடிஎம்மை நம்ப வேண்டாம். ஜூனிலிருந்து நவம்பர் வரை கடல் மோசமானால் கடலோரக் காவல்படை படகையே விடாது, ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் தனிப் படகே எடுத்துவிடுங்கள், காலை ஏழரைக்கே கிளம்பச் சொல்லி நேராகப் பெரிய லகூனுக்கு விடச் சொல்லுங்கள், பொந்து வேண்டாம்.