லீ ஜே. காபை முழு ஃப்ரேமில் பார்க்க: 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' கிரைட்டீரியன் ப்ளூ-ரே

1954-இல் வந்த, எலியா கசான் இயக்கிய இந்தப் படத்தைப் பெரும்பாலானோர் மார்லன் பிராண்டோவுக்காகத்தான் வாங்குகிறார்கள். துறைமுகத் தொழிற்சங்கத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும் ஜானி ஃப்ரெண்ட்லியாக வரும் லீ ஜே. காபுக்காகவும் வாங்கலாம். பழைய, முக்கியப் படங்களைப் புதுப்பித்து வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைட்டீரியன் 2013-இல் வெளியிட்ட இந்த இரண்டு டிஸ்க் பதிப்பில் காபின் நடிப்பு குறையில்லாமல் கிடைக்கிறது. அவருடைய வாழ்க்கைதான் கிடைக்கவில்லை.

4கே தரத்தில் புதுப்பித்த பிரதி இது. முதல் டிஸ்க்கில் படச்சட்டம் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 1.66:1 அளவு, இரண்டாவதில் 1.85:1, 1.33:1 இரண்டும். அகலத்திரை பரவிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு தியேட்டரிலும் திரை அளவு வேறு என்பதால், ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன் எல்லாவற்றுக்கும் பொருந்துமாறு மேலும் கீழும் இடம் விட்டே படமாக்கினார். 1.85-இல் அந்த இடம் வெட்டுப்படுகிறது, முகங்கள் நெருக்கடியாகத் தெரிகின்றன. 1.33-இல் தேவைக்கு மேல் வெற்றிடம். காப் தோள், கை, வயிறு என்று முழு உடம்பாலும் நடிப்பவர். அதனால் 1.66-இலேயே பாருங்கள். மதுக்கடைப் பின்னறையில், பதினாறு வயதில் கப்பல் அடித்தளத்தில் வேலைக்குக் கெஞ்சிய கதையை அவர் சொல்லும் இடத்தை மூன்று அளவிலும் ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

ஒலியில் மோனோ (ஒற்றைத் தட ஒலி) டிராக்கைத் தேர்ந்தெடுங்கள். பல ஸ்பீக்கர்களில் கேட்கும் 5.1 பிற்பாடு செய்தது. அந்தக் காலத்துப் படத்துக்கு அது ஒட்டவில்லை.

கூடுதல் பகுதிகள் ஏராளம். கசானைப் பற்றிய 1982 ஆவணப்படம், படத்தின் நாயகி ஈவா மரி செயின்ட் பேட்டி, இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி உரையாடல், படத்துக்கு லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் அமைத்த இசை பற்றி ஒரு விளக்கம். காபுக்கென்று தனியாக ஒன்றுகூட இல்லை, இது பெரிய குறை. 1911-இல் நியூயார்க்கில் லியோ ஜேக்கபியாகப் பிறந்தவர். கசானைப் போலவே குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் வளர்ந்தவர். 1949-இல், 37 வயதில், கசான் இயக்கத்தில் பிராட்வே மேடையில் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மன்' நாடகத்தின் 63 வயது நாயகன் வில்லி லோமனாக நின்றவர். 1951-இல் கம்யூனிஸ்ட் என்று பெயர் சொல்லப்பட்டு, வேலை இழந்து, 1953-இல் தானும், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் மற்றவர்களின் பெயர்களைச் சொன்னார். சில மாதங்களில் இந்தப் படப்பிடிப்பு. தொழிற்சங்கக் கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக் காட்டிக்கொடுப்பவனை நியாயப்படுத்தும் கதையில், காட்டிக்கொடுக்கப்படுபவனின் வேடம் அவருக்கு! கசானும் அதே குழு முன் பெயர்களைச் சொன்னவர்; அது பற்றிய அவருடைய 1952 தன்னிலை விளக்கம் கையேட்டில் இருக்கிறது. காபின் பக்கத்துக்கும் நாலு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

சிறந்த துணை நடிகர் ஆஸ்கருக்கு இந்த ஒரே படத்திலிருந்து காப், கார்ல் மால்டன், ராட் ஸ்டைகர் மூவரும் போட்டியிட்டார்கள். விருது வேறு படத்துக்குப் போனது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியது: ப்ளூ-ரே டிஸ்க்குகள் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதை ரீஜியன் ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள்; இது ரீஜியன் ஏ டிஸ்க். சிங்கப்பூர், மலேசியா பிளேயர்களில் ஓடும். இந்தியாவும் இலங்கையும் ரீஜியன் சி என்பதால், இங்கு விற்கும் சாதாரண பிளேயர் ஏற்காது. எல்லா ரீஜியனும் ஏற்கும் பிளேயர் வேண்டும். சப்டைட்டில் ஆங்கிலத்தில் மட்டும்.

மேடைக் காபையும் பார்க்க விரும்பினால், 1966-இல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்காக எடுத்த 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மன்' டிவிடியைத் தேடுங்கள். நாடகம் சுருக்கப்பட்டிருந்தாலும், பிராட்வேயில் முதலில் நடித்த காபும் மில்ட்ரெட் டன்னாக்கும் அதில் அதே வேடங்களில் வருகிறார்கள்.