எலிக் கணக்கில் விற்கப்படும் தியானின் கேப்சூல்: வாங்குவோர் கவனத்திற்கு

மனப் பதற்றத்தைத் தணிக்கும் என்று இணையத்தில் விற்கப்படும் எல்-தியானின் கேப்சூல்களை வாங்க எண்ணுவோர், என் அத்தைக்கு நேர்ந்ததை அறிந்த பின் முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தியானின் என்பது தேயிலையில் இயல்பாகவே உள்ள, குளுட்டாமிக் அமிலத்தின் வழிப்பொருள். 1949இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. விற்பனையாளரின் விளம்பரத்தில் ஓர் எலிச் சோதனையின் வரைபடம் பெரிதாக இடம்பெற்றிருந்தது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில், கூட்டல் குறி போல நான்கு கைகளாக நீண்டு, இரு கைகளுக்குச் சுவர் வைத்தும் இரு கைகளைத் திறந்தும் விட்ட மேடையில் எலியை 5 நிமிடம் உலவவிட்டு, திறந்த கைகளில் அது கழிக்கும் நேரத்தை அளப்பார்கள். பதற்றம் கொண்ட எலி அங்கே போகத் தயங்கும்; டயஸிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்து பெற்ற எலி அங்கே கூடுதல் நேரம் இருக்கும். சோதனையில் குறையில்லை, அதை வைத்துப் போட்ட கணக்குதான் மோசடி.

அத்தையின் எடை 60 கிலோ என்றதும், எலிக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கொடுத்தார்கள், ஆகவே உங்களுக்கு 600 மில்லிகிராம், நாளுக்கு ஆறு கேப்சூல் என்று தொலைபேசியில் கூறினார்கள். எடையை அல்ல, உடலின் மேற்பரப்பை வைத்து மனிதருக்கு மாற்றும்போது, எலிக்குக் கிலோவுக்குக் கொடுத்த மருந்தளவை ஏறத்தாழ 6.2ஆல் வகுக்க வேண்டும் என்பது மருந்தியலில் பாலபாடம். அதன்படி வருவது சுமார் 97 மில்லிகிராம், அதாவது ஒரே கேப்சூல். இரண்டு மாதம் வர வேண்டிய 60 கேப்சூல் டப்பா பத்தே நாளில் தீர்ந்தால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

நெஞ்சு படபடக்கிறது, இரவில் கண்ணை மூட முடியவில்லை என்று அத்தை சொன்ன பிறகு டப்பாவை வாங்கிப் பார்த்தேன். முன்புறத்தில் தியானின் என்ற பெயர் மட்டுமே இருக்க, பின்புறத்தில், பார்கோடுக்குக் கீழே பொடி எழுத்தில், பச்சைத் தேயிலைச் சாறு, கேப்சூலுக்குக் கஃபீன் 40 மில்லிகிராம் என்றிருந்தது. ஆறுக்கு 240! அதே மேடையில், அதிக அளவு கஃபீன் பெற்ற எலிகள் திறந்த கைகளைத் தவிர்க்கின்றன என்பதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. அந்த வரைபடத்தை மட்டும் விளம்பரத்தில் காணோம்.

பிரித்த டப்பாவைத் திரும்பப் பெற இயலாது என்று பணம் தர மறுத்துவிட்டார்கள். மருத்துவர் சொன்னபடி அத்தை கேப்சூலை நிறுத்திவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே போன்ற ஆலோசனை பெற்றவர்கள் டப்பாவின் பின்புறத்தைப் படமெடுத்து, பில்லையும் பத்திரப்படுத்திப் புகார் அளிக்கவும்.