திரியெஸ்தேயில் ஒரு காபிக் கடை: பாவம் பார்த்து நட்சத்திரம் போடாதீர்கள்

இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில், மிராமரே பக்கம் இருக்கும் ஐசிடிபிக்கு (சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம்) பயிற்சி வகுப்பு, மாநாடு என்று வருகிற நம்மூர் இயற்பியல் மாணவர்கள் கோட்டையைப் பார்ப்பார்கள், கடலோரம் நின்று படம் எடுப்பார்கள், பியாட்சா உனிதா சதுக்கத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வெனிசுக்கு ரயிலேறிவிடுவார்கள். திரியெஸ்தே அதோடு முடிந்தது. அந்தப் பட்டியலில் சான் ஜொவான்னி பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமாக அதற்குள் இருக்கும் 'இல் போஸ்தோ தெல்லே ஃப்ராகோலே' என்ற காபிக் கடை. ஸ்ட்ராபெரி இருக்கும் இடம் என்று அர்த்தம். ஸ்ட்ராபெரியைத் தேடாதீர்கள், பெயர்தான் அப்படி.

முதலில் காபி. இல்லி கம்பெனி 1933-ல் பிறந்த ஊர் இது, காபிக்கொட்டை வந்து இறங்கும் துறைமுகம், அதனால் காபி விஷயத்தில் ஊரே கொஞ்சம் திமிர் பிடித்தது. இத்தாலியின் மற்ற நகரங்களில் கற்றுக்கொண்ட பெயர்கள் இங்கே உதவாது. எஸ்பிரசோ வேண்டுமென்றால் 'நேரோ', அதில் கொஞ்சம் பால் நுரை வேண்டுமென்றால் 'காபோ', அதையே சின்னக் கண்ணாடி டம்ளரில் வேண்டுமென்றால் 'காபோ இன் பி'. நான் இந்தக் கடைசி ரகம்தான் குடித்தேன். இரண்டு மடக்கு, அவ்வளவுதான். ஆனால் நுரை சரியாக உட்கார்ந்திருந்தது, அடியில் கசப்பும் நெஞ்சைப் பிடிக்கவில்லை, வெளியே மரத்தடி மேஜையில் உட்கார்ந்து குடித்தால் எழுந்து போகவே மனசு வராது. ஐந்துக்கு நாலரை. சைவக்காரர்கள் சாப்பாட்டைக் கேட்டு வாங்குங்கள், இந்தக் கடை என்றில்லை, ஊர் முழுக்கவே அப்படித்தான்: 'யோத்தா' என்று ஒரு சூப், பீன்ஸும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் போட்டது என்பார்கள், அதற்குள்ளும் பன்றி இறைச்சி கிடக்கும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் "மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் வேலை செய்கிற இடம், போய் ஆதரவு கொடுங்கள்" என்கிற தொனியில் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பூங்காவின் கதை தெரிந்த யாருக்கும் பிடிக்காது. ஏனென்றால் அங்கே ஒரு மனிதர் சண்டை போட்டதே இந்த 'ஐயோ பாவம்' பார்வையோடுதான்.

பூங்கா என்கிறார்களே, அது ஊரின் பழைய பைத்தியக்கார ஆஸ்பத்திரி. ஆஸ்திரிய-ஹங்கேரிய ஆட்சிக் காலத்தில் 1908-ல் திறந்தது. குன்றுச் சரிவில் மஞ்சளும் வெள்ளையுமாகத் தனித்தனிக் கட்டடங்கள், நடுவில் சாலை, சுற்றி மதில். 1971-ல் பிராங்கோ பசாலியா என்ற மனநல மருத்துவர் இயக்குநராக வந்தபோது உள்ளே ஏறக்குறைய 1200 பேர் இருந்தார்கள். 1904-ம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடப்பில் இருந்தது: 'தனக்கோ பிறருக்கோ ஆபத்து' அல்லது 'பொது இடத்தில் அசிங்கம்' என்று சொல்லி ஒருவரை உள்ளே தள்ளலாம், தள்ளியபின் அவர் பெயர் குற்றப் பதிவேட்டில் ஏறும், குடியுரிமைகள் போய்விடும். நோயாளிக்குக் குற்றப் பதிவேடு! மருத்துவமா போலீஸ் வேலையா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா, பசாலியாவும் அதைத்தான் கேட்டார்.

அவர் வெனிஸ்காரர், 1924-ல் பிறந்தவர். மாணவராக இருந்தபோது பாசிச எதிர்ப்புக்காகச் சிறையில் இருந்தவர். பிற்பாடு 1961-ல் கொரீட்சியா நகர மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றுப் போனபோது, சிறைக்குள் நுழைந்தபோது வந்த அதே உணர்வு வந்தது என்று சொல்லியிருக்கிறார். அங்கே முதல் நாள் நடந்தது எல்லோரும் சொல்கிற கதை: முந்தின இரவு யார் யாரைக் கட்டிப்போட்டோம் என்று எழுதிய பதிவேட்டைத் தலைமை நர்ஸ் கொண்டுவந்து நீட்டுகிறார், இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும், அது வழக்கம். பசாலியா தன் வெனிஸ் பேச்சுவழக்கில் "நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். புரட்சி என்றால் கொடி, கோஷம் என்று நினைக்கிறோம். இவருக்கு அது ஒரு நோட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதில் தொடங்கியது. அந்த இடம்தான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கொரீட்சியாவில் சிக்கலும் வந்தது. 1968-ல் விடுப்பில் வீட்டுக்குப் போன நோயாளி ஒருவர் மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியா மீதும் வழக்கு, பின்னர் விடுதலை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்கிறவர்களை நான் நம்புவதில்லை. கதவைத் திறந்தால் இப்படியும் நடக்கலாம் என்று தெரிந்த பிறகும், மூன்று வருஷத்தில் திரியெஸ்தேக்கு வந்து இன்னும் பெரிய கதவைத் திறந்தார் என்பதுதான் சேதி.

இப்போது கூட்டுறவுச் சங்கத்துக்கு வருவோம், காபிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அந்தக் காலத்தில் உள்ளே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பெருக்கினார்கள், துணி துவைத்தார்கள், சமையலறையில் பாத்திரம் தேய்த்தார்கள், எல்லாம் 'வேலைச் சிகிச்சை' என்ற பெயரில். கூலி கிடையாது, பெயருக்கு ஏதாவது கொடுத்தால் உண்டு. இதைச் சுரண்டல் என்று சொன்னார்கள் பசாலியா கோஷ்டி. 1970களின் தொடக்கத்தில் அதே மருத்துவமனைக்குள் நோயாளிகளே உறுப்பினர்களாக ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, அதே பெருக்கல், அதே துவைத்தல், ஆனால் ஒப்பந்தப்படி, தொழிற்சங்கம் பேசி வைத்த சம்பளத்தோடு. நேற்றுவரை 'சிகிச்சை'யாக இருந்த துடைப்பம் இன்றைக்கு உத்தியோகம். அந்த ஊரில் தொடங்கிய இந்த ஏற்பாடு இத்தாலி முழுக்கப் பரவி, 1991-ல் தனிச் சட்டமே வந்தது: இந்த வகைச் சங்கங்களில் வேலை செய்கிறவர்களில் குறைந்தது 30 சதவீதம் பேர், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் போல, வெளியே வேலை கிடைக்கச் சிரமப்படுகிறவர்களாக இருக்க வேண்டும்.

ஃப்ராகோலே அந்த மரபில் வந்த கடை. கவுண்டரில் நிற்பவர் யார், அவருக்கு என்ன நோய், மாத்திரை போடுகிறாரா என்பதெல்லாம் உங்கள் வேலை இல்லை. அவர் வேலை காபி போடுவது, உங்கள் வேலை குடித்துவிட்டு காசு கொடுப்பது. காபி நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதுங்கள், ஆறிப்போயிருந்தால் ஆறிப்போயிருக்கிறது என்று எழுதுங்கள். கருணை நட்சத்திரம் வேண்டாம்.

கடையிலிருந்து கீழே நடக்கிறபோது கட்டடங்களைப் பாருங்கள். ஒன்றில் பல்கலைக்கழகத் துறை, ஒன்றில் சுகாதார அலுவலகம், இன்னொரு பக்கம் ராடியோ ஃப்ராகோலா என்று ஒரு வானொலி நிலையம். ஒரு சுவரில் ஓவியர் ஊகோ குவாரீனோ எழுதிய வாசகம், 'சுதந்திரமே சிகிச்சை' என்று. ஏறக்குறைய 5000 செடிகள் கொண்ட ரோஜாத் தோட்டமும் உண்டு, மே மாதம் போனால் கொள்ளை அழகு. ரோஜாவைவிட எனக்குக் குதிரைக் கதைதான் சுவாரஸ்யம். மார்க்கோ என்று நிஜக் குதிரை ஒன்று இந்த வளாகத்தில் அழுக்குத் துணி வண்டி இழுத்துக்கொண்டிருந்தது. வயதானதும் அதை வெட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். 1972-ல் நோயாளிகள் குதிரையே எழுதுவது போல மாகாண நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதி அதைக் காப்பாற்றினார்கள். அடுத்த வருஷம் காலியாக இருந்த ஒரு வார்டில் மரமும் காகிதக்கூழும் வைத்து நீலநிறத்தில் நாலு மீட்டர் உயரக் குதிரை செய்து, 'மார்க்கோ கவால்லோ' என்று பெயர் வைத்து, வயிற்றுக்குள் தங்கள் ஆசைகளை எழுதிப் போட்டு ஊருக்குள் ஊர்வலம் விடலாம் என்று கிளம்பினால், குதிரை வாசலில் நுழையவில்லை! வாசலை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

1978 மே 13 அன்று 180-ம் எண் சட்டம் நிறைவேறியது. புதிய மனநலக் காப்பகம் கட்டக்கூடாது, பழையதைப் படிப்படியாக மூட வேண்டும். கட்டாயச் சிகிச்சை என்றால் இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும், மேயர் உத்தரவு போட வேண்டும், நீதிபதி பார்த்து ஒப்ப வேண்டும், கால அளவு ஏழு நாள், நீட்டிக்கக் காரணம் சொல்ல வேண்டும். பசாலியா 1980-ல் 56 வயதில் மூளைக் கட்டியால் இறந்துபோனார். மனைவி பிராங்கா ஒங்காரோ செனட்டராகி இந்தச் சட்டத்துக்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார். அந்த அம்மாவுக்கு ஒரு கட்டுரை தனியாக எழுத வேண்டும், எல்லோரும் கணவரைப் பற்றி மட்டும் எழுதுகிறார்கள்.

குறையும் உண்டு. சட்டம் வந்த பிறகு பல மாகாணங்களில் மாற்று ஏற்பாடு வருவதற்கு வருஷங்கள் ஆயின, அதுவரை வீட்டுப் பெண்கள்தான் பாரத்தைச் சுமந்தார்கள். குற்றவாளிகளுக்கான மனநலச் சிறைகள் சட்டப்படி 2015-ல் மூட வேண்டியவை, கடைசியானது மூட 2017 வரை இழுத்தது, 2013-ல் அந்த நீலக் குதிரையை மறுபடி அவற்றின் வாசல்களுக்கு ஓட்டிப்போக வேண்டியிருந்தது. திரியெஸ்தேயிலேயே 24 மணி நேரமும் திறந்திருக்கும் சமூக மனநல மையங்களைப் பணம் குறைத்தே நோகடிக்கிறார்கள் என்று அங்குள்ள மருத்துவர்கள் சில வருஷங்களாகக் குரல் கொடுக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது ஏர்வாடி நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை பற்றியெரிந்தபோது சங்கிலியில் இருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. கொரீட்சியாவில் ஒருவர் அந்தப் பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்து அதற்குள் 56 வருஷம் ஆகியிருந்தது.

போகிறவர்களுக்கு: பூங்காவுக்குள் நுழைய டிக்கெட் இல்லை. பஸ்ஸில் மேல்வாசல் வரை போய் இறங்கி, கீழ்நோக்கி நடந்தால் முட்டி தப்பிக்கும். மதிய இடைவேளையில் ஓடிப்போய்த் திரும்பிவிடலாம் என்று ஐசிடிபிக்காரர்கள் நினைக்க வேண்டாம், மிராமரேயிலிருந்து நகருக்குள் வந்து பஸ் மாற வேண்டும். அரை நாள் ஒதுக்குங்கள்.