மண் கல்லா, சிமெண்ட் கல்லா: புர்கினா ஃபாசோவில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் கிராமத்தில் பள்ளி கட்ட நினைப்பவர்கள், சுவருக்கு மண் கல்லா சிமெண்ட் கல்லா என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

வெயில்: ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டும். சிமெண்ட் கல், தகரக் கூரை என்றால் வகுப்பறை அடுப்புதான். மண் கல் சூட்டை மெதுவாகவே உள்ளே விடும். அந்நாட்டின் காண்டோ கிராமத்தில் கட்டடக் கலைஞர் ஃபிரான்சிஸ் கேரே 2001இல் கட்டி முடித்த பள்ளியில், மண்கல் மச்சுக்கு மேலே தகரக் கூரை எழும்பி நிற்கிறது. சூடான காற்று அந்த இடைவெளியில் வெளியேறிவிடும். எவ்வளவு அழகான யோசனை!

செலவு: சிமெண்ட் லாரியில் வர வேண்டும். மண் ஊரிலேயே இருக்கிறது. கொஞ்சம் சிமெண்ட் கலந்து அழுத்தினால் கல். கூலியும் ஊருக்குள்ளேயே.

மழை: சிமெண்ட் கெட்டி. மண் சுவருக்கு நீண்ட கூரை கட்டாயம்.

சரி, வகுப்பறைக்கு மண் கல், கழிப்பறைக்கு சிமெண்ட். அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்: தாழ்ப்பாளும் தண்ணீரும் இல்லையென்றால், வயதுக்கு வந்த பிள்ளைகள் மாதவிடாய் நாட்களில் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள்.