பாசியைப் படமெடுக்க: சைஹோஜியா, யாகுஷிமாவா?

ஜப்பானுக்குக் கேமராவோடு போகிறவர்களில் பாசிமேல் பித்துக் கொண்டவர்கள் ஒரு தனி ரகம். அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கியோட்டோவின் மேற்கு ஓரத்தில் உள்ள சைஹோஜி கோயில் தோட்டமா, கியூஷூவுக்குத் தெற்கே இருக்கும் யாகுஷிமா தீவின் ஷிராதானி உன்சுயிக்யோ பள்ளத்தாக்கா? என் ஓட்டு யாகுஷிமாவுக்கு. ஆனால் சைஹோஜியை லேசில் தள்ளிவிட முடியாது.

1339இல் முசோ சோசெகி என்ற துறவி சைஹோஜியை ஜென் கோயிலாக மாற்றி அமைத்தார். இன்று அங்கே படர்ந்திருக்கும் சுமார் 120 வகைப் பாசிகள் அவர் போட்ட திட்டத்தில் இல்லை. பிற்காலத்தில் பராமரிப்புக் குறைந்து, ஈர மண்ணில் அவை தாமாகவே பரவின. இப்போது உதிரும் இலைகளைக் கூட்டித் தள்ளி அந்தப் பரப்பைக் காக்கிறார்கள். அந்த உழைப்பு படத்திலும் தெரிகிறது. குப்பை கிடையாது, குறுக்கே நீட்டும் கிளை கிடையாது. பச்சைத் தரையில் மரங்களின் நிழல் நீளமாக விழுகிறது, குளத்தின் கரை வளைந்து போகிறது. படத்தின் சட்டகம் ஏறக்குறைய தானே அமைந்துவிடும்.

கட்டுப்பாடுகள்தான் சிக்கல். 1977 முதல் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. கட்டணமும் மற்றக் கோயில்களைவிடப் பல மடங்கு. பதிவு செய்த நேரத்தில் என்ன வெளிச்சம் கிடைக்கிறதோ அதுதான் உங்களுக்கு. உச்சி வெயில் வாய்த்தால் பாசி திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும். டிரைபாட் கூடாது, பாதையை விட்டு இறங்கவும் கூடாது. மர நிழலில் கையில் பிடித்தே எடுக்க வேண்டும் என்பதால் கேமராவின் ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 1600க்கு ஏற்றத் தயங்காதீர்கள். அகன்ற லென்ஸைவிட, தூரத்தை அருகே இழுக்கும் 70-200 மி.மீ. லென்ஸ் இங்கே அதிகம் உதவும்.

யாகுஷிமாவில் நிலைமை நேர் எதிர். மலைப்பகுதியில் ஆண்டுக்கு 8,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற தீவு அது. கருங்கல் பாறையின் மேல் மண் மெல்லிய படலம்தான். ஈரத்தைத் தாங்கி வைப்பது பாசி. எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) இங்கே சுகி எனும் ஜப்பானிய தேவதாரு மரங்களை ஏராளமாக வெட்டினார்கள். பிசின் நிறைந்த அடிக்கட்டைகள் எளிதில் மட்கவில்லை. அவற்றைப் பாசி மூடியது, அந்தப் பாசியில் விதை விழுந்து புதிய சுகி முளைத்தது. கோடரி பட்ட கட்டையைத் தன் வேர்களால் கட்டிப்பிடித்து நிற்கும் இளைய மரத்தை, ஆளில்லாக் காடு என்று நினைத்து நாம் படமெடுக்கிறோம்.

பாதையை மறிக்காமல் டிரைபாட் வைக்க முடிவது இங்கே பெரிய வரம். நனைந்த பாசியின் மீது வானம் வெள்ளையாகப் பளபளக்கும். லென்ஸின் முன்னே மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை மெல்லத் திருப்பினால் அந்த வெள்ளை வடிந்து, அடியில் இருக்கும் அடர்பச்சை மேலே வரும். மயிரிழை போன்ற செந்நிறக் காம்புகளும், ஒவ்வொன்றின் நுனியில் தொங்கும் நீர்த்துளியும் அப்போதுதான் தெளிவாகும். போலரைசர் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும் என்பதால் ஒரு விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைக்க நேரும். சைஹோஜியில் இதற்கு வழியே இல்லை. என் தேர்வுக்கு முதல் காரணம் இதுவே.

காட்டில் சட்டகம் தானாக அமையாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கு பார்த்தாலும் வேர், பாறை, கிளை. ஒரே ஒரு கட்டையையோ ஓடை வளைவையோ தேர்ந்து அதிலேயே நிலைத்து நிற்கும் பொறுமை வேண்டும். மழை வலுத்தால் ஓடையைக் கடக்க முடியாமல் திரும்ப நேரலாம்.

முன்பதிவும் கிடைக்கவில்லை, தீவுக்குப் போகவும் நாள் இல்லை என்றால், கியோட்டோவுக்கு வடக்கே ஒஹாராவில் இருக்கும் சான்சென்இன் கோயில் போதும். கியோட்டோ நிலையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சுகி மரங்களின் கீழே பாசிக்குள்ளிருந்து முகம் காட்டும் சின்னஞ்சிறு கல் ஜிசோக்கள், அதாவது ஜிசோ என்ற பௌத்த போதிசத்துவரின் சிலைகள், அங்கே உண்டு.

எங்கே போனாலும் ஜூன் மழைக்காலமே உகந்தது. யாகுஷிமா என்றால் மூன்று இரவாவது ஒதுக்குங்கள். கடல் கொந்தளித்தால் கியூஷூவின் ககோஷிமா துறைமுகத்துக்குச் செல்லும் படகு நின்றுவிடும், திரும்பும் விமானத்தை மறுநாளே வைத்துக்கொள்ளாதீர்கள்.