நாடக அட்டைப் பெட்டி: உத்திக்குப் பெயர் இருக்கிறது, மேடையைத்தான் காணோம்

மகள் இந்த வருடம் ஜிசிஎஸ்இ, அதாவது இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு, எழுதுகிறாள். ஆங்கில இலக்கியத்தில் அவள் பள்ளி எடுத்திருக்கும் நாடகம் ஜே. பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்'. பிர்லிங் என்ற பணக்கார ஆலை முதலாளியின் வீட்டு விருந்துக்கு நடுவே ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, ஈவா ஸ்மித் என்ற ஏழைப் பெண்ணின் சாவில் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன பங்கு என்று விசாரிப்பதுதான் கதை. இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்கள் பலர் வீட்டில் இதன் பிரதி ஒன்று எங்காவது கிடக்கும். இதைப் படிக்க உதவும் என்று 12 பவுண்டு கொடுத்துப் படிப்பு அட்டைகள் அடங்கிய ஒரு பெட்டி வாங்கினோம். 60 அட்டைகள். ஒரு பக்கம் உத்தியின் பெயர், திருப்பினால் விளக்கமும் நாடகத்திலிருந்து ஒரு மேற்கோளும். மூன்று மாதம் கிட்டத்தட்ட தினமும் புரட்டிய பிறகு இதை எழுதுகிறேன். யார் தயாரிப்பு என்று சொல்லவில்லை, ஏனென்றால் கடையில் பிரித்துப் பார்த்த மற்ற பெட்டிகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டை கெட்டி, பள்ளிப் பையில் இத்தனை நாள் கிடந்தும் மூலை மடங்கவில்லை. எழுத்து பெரிதாக இருக்கிறது. மொழி உத்திகளுக்கு மஞ்சள், நாடக உத்திகளுக்கு நீலம் என்று நிறம் பிரித்திருப்பது உண்மையாகவே உதவியது, பிள்ளைகள் தடுமாறுவதே அந்த இடத்தில்தானே. உவமை, உருவகம், அடுக்கு எல்லாம் கவிதைப் பாடத்திலேயே பழகிவிட்டதால் நாடகத்தைக் கையில் கொடுத்தாலும் உவமையைத்தான் தேடுகிறார்கள். விளக்கு எப்படி எரிகிறது, மணி எப்போது அடிக்கிறது, யார் எந்த நேரத்தில் உள்ளே வருகிறார்கள், திரை எங்கே விழுகிறது என்பதும் ஆசிரியர் யோசித்து எழுதியதுதான் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. என் மகள் சாய்வெழுத்தில் இருக்கும் மேடைக் குறிப்பை எல்லாம் தாண்டி நேரே வசனத்துக்குப் போய்விடுவாள்.

விளக்கு பற்றிய நீல அட்டை வந்த அன்றுதான் அது மாறியது. இன்ஸ்பெக்டர் வரும்வரை வெளிச்சம் இளஞ்சிவப்பாக, நெருக்கமாக இருக்க வேண்டும், வந்த பிறகு பிரகாசமாகவும் கடுமையாகவும் மாற வேண்டும் என்று தொடக்கக் குறிப்பிலேயே பிரீஸ்ட்லி எழுதியிருக்கிறார். செய்துதான் பார்ப்போமே என்று கூடத்தில் மேசை விளக்கை மட்டும் போட்டு, அதற்கு முன்னால் என் சிவப்புத் துப்பட்டாவை மகள் விரித்துப் பிடித்துக்கொண்டாள். நான் பிர்லிங்கின் பேச்சைப் படித்தேன். ஒரு மனிதன் தன் வேலையைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டும், தன்னையும் தன்னைச் சேர்ந்தவர்களையும் கவனித்துக்கொள்ள வேண்டும், அப்புறம்... அந்த இடத்தில் வாசல் மணி அடிக்கும். மகள் துப்பட்டாவைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூடத்தின் பெரிய விளக்கைப் போட்டாள். இரண்டு பேருக்கும் கண் கூசியது. "அம்மா, அவர் வாக்கியத்தை முடிக்கவே இல்லை, மணி வெட்டிடுச்சு" என்றாள். அவளே கண்டுபிடித்தது அது, அட்டையில் இல்லை.

என் குறையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அட்டை உத்தியின் பெயரைச் சொல்கிறது, வரையறை சொல்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. அந்த மணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒலி' என்று அட்டை இருக்கிறது, 'மணி பதற்றத்தைக் கூட்டுகிறது' என்று எழுதியிருக்கிறது. எந்த வாக்கியத்தின் நடுவில் அடிக்கிறது என்பது இல்லை. அவனவன் பாட்டை அவனவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதற்குப் பதில் சொல்ல ஆள் வந்து வாசலில் நிற்கிறது. இதை விட்டுவிட்டால் அது வெறும் அழைப்பு மணிதான்.

அடுத்தது என்னால் மன்னிக்க முடியாத பிழை. பின்னணி பற்றிய அட்டையில் இந்த நாடகம் 1912-இல் எழுதப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறார்கள். கதை நடப்பதுதான் 1912-இல். பிரீஸ்ட்லி அதை எழுதியது இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், முதலில் மேடையேறியது 1945-இல் சோவியத் ஒன்றியத்தில், லண்டனுக்கு வந்தது 1946-இல். தேதிதானே தப்பு என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் நாடகத்தின் முதல் பெரிய உத்தியே இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. டைட்டானிக் அடுத்த வாரம் புறப்படுகிறது, அது மூழ்கவே மூழ்காது என்கிறார் பிர்லிங். போர் வருமா, வாய்ப்பே இல்லை என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு போர்களைக் கடந்து வந்தவர்கள், பலரைப் பறிகொடுத்த தெருக்களிலிருந்து வந்தவர்கள். இவ்வளவு உறுதியாகப் பேசும் மனிதர் சொன்ன எதுவும் நடக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும், ஆகவே தொழிலைப் பற்றியும் கூலியைப் பற்றியும் அவர் அடுத்துச் சொல்வதையும் நம்ப மாட்டார்கள். பாத்திரத்துக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும் இந்த நாடக முரண்நகை வேலை செய்வது அப்படித்தான். 1912-இல் எழுதியது என்று ஒரு பிள்ளை மனப்பாடம் செய்துவிட்டால் இந்த மொத்தக் கட்டடமும் சரிந்துவிடும். என் மகள் அப்படியே பள்ளிக் கட்டுரையில் எழுதி, ஆசிரியர் அந்த ஆண்டைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். முரண்நகை அட்டையில் டைட்டானிக்கை உதாரணமாகப் போட்டுவிட்டு, பின்னணி அட்டையில் இந்தத் தேதியை எப்படிப் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அதே முரண்நகைக்கு இதைவிட நல்ல உதாரணம் இரண்டாம் அங்கத்தின் கடைசியில் இருக்கிறது, பெட்டியில் அதற்கு ஓர் அட்டைகூட இல்லை. ஈவா ஸ்மித் கர்ப்பமாக உதவி கேட்டு வந்தபோது திருப்பி அனுப்பியவர் திருமதி பிர்லிங். அவரிடம் இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, தப்பு என்னுடையது இல்லை, அந்தக் குழந்தையின் தகப்பனைப் போய்ப் பிடியுங்கள், அவனை விடாதீர்கள், எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொள்ள வையுங்கள் என்று அந்த அம்மா ஏறிக்கொண்டே போகிறார். அது யார் என்று மகள் ஷீலாவுக்கு முதலில் பிடிபடுகிறது, அம்மா நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிறாள். பார்க்கும் நமக்கு ஷீலாவின் முகத்தைப் பார்த்துப் பிடிபடுகிறது. தாய்க்குக் கடைசியில். அதற்குள் வாசல் கதவுச் சத்தம், மகன் எரிக் வெளிறிய முகத்தோடு வந்து நிற்கிறான், எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள், திரை சட்டென்று விழுகிறது. மூன்றாம் அங்கம் அதே நொடியிலிருந்து தொடங்குகிறது, இடையில் ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. பெற்ற மகனுக்கே தீர்ப்பு எழுதிவிட்டார் என்பது ஒருவர் பின் ஒருவராக, வேறு வேறு நேரத்தில் எல்லோருக்கும் உறைக்கும்படி அந்த இரண்டு பக்கத்தை எழுதியிருக்கிறாரே, எத்தனை தடவை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மஞ்சள் அட்டைகள் எண்ணிக்கையில் அதிகம், சரக்கு குறைவு. பாதி அட்டைகளில் விளக்கம் 'இது கருத்தை வலியுறுத்துகிறது' என்றே முடிகிறது. இன்ஸ்பெக்டர் கிளம்பும் முன் பேசும் பேச்சில் தீயும் ரத்தமும் வேதனையுமாக என்று மூன்றை அடுக்குகிறார், அந்த ஈவா ஸ்மித்தைப் போல லட்சோப லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதுவரை ஒரு விசாரணை, ஒரு ஆள், ஒரு கேள்வி என்று அளந்து பேசியவர் அங்கே மட்டும் பிரசங்கியாக மாறுகிறார், பேச்சு வீட்டுக்காரர்களைத் தாண்டி இருட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மிடம் வருகிறது. இதைச் சொல்லித்தர இரண்டு வரி போதுமே. ஷீலா தொடக்கத்தில் 'மம்மி' என்று கூப்பிட்டவள் போகப் போக 'மதர்' என்று கூப்பிடுகிறாள், ஒரு பெண் ஒரே இரவில் வளர்ந்துவிட்டதைக் காட்டும் சின்னச் சொல் அது. அதற்கும் அட்டை இல்லை. ஈவா ஸ்மித் மேடைக்கு வரவே இல்லை, அவளுடைய புகைப்படத்தை இன்ஸ்பெக்டர் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் காட்டுகிறார், நமக்குக் காட்டுவதில்லை. இதைவிடப் பெரிய நாடக உத்தி இந்த நாடகத்தில் எனக்குத் தெரிந்து கிடையாது. 60 அட்டையில் இதற்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

தேர்வுக்கு எப்படி என்று கேட்பவர்களுக்கு: மகள் எழுதும் ஏக்யூஏ (தேர்வு வாரியம்) தாளில் இந்த நாடகக் கேள்விக்கு 30 மதிப்பெண், எழுத்துப் பிழையில்லாமல் இலக்கணத்தோடு எழுதுவதற்கு இன்னொரு 4. நாடகப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோக முடியாது, அதனால் மேற்கோள் நாலைந்து சொல்லுக்குள் இருந்தால்தான் நினைவில் நிற்கும். இந்தப் பெட்டியில் பல மேற்கோள்கள் மூன்று வரி. நாங்கள் முக்கியமான சொற்களை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்தோம்.

ஒரு யோசனை. நேஷனல் தியேட்டருக்காக ஸ்டீபன் டால்ட்ரி 1992-இல் இயக்கிய தயாரிப்பு அதற்குப் பிறகு பல வருடம் ஊர் ஊராகச் சுற்றியது. எங்காவது மறுபடி போட்டால் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். பொம்மை வீடு மாதிரி ஒரு வீடு உயரத்தில் நிற்கும், உள்ளே விருந்து நடக்கும், கீழே தெருவில் மழை. ஒரு கட்டத்தில் வீடு நம் கண்முன்னே சரியும். மேடையில் இருக்கும் பொருளும் பேசும் என்று அதைப் பார்த்த பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெட்டிக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம் தருகிறேன். நாடகத்தை இரண்டு தடவையாவது முழுதாகப் படித்த பிள்ளைக்கு வாங்கலாம், படிக்காத பிள்ளைக்கு வாங்கினால் பெயர்கள்தான் மிஞ்சும். நீல அட்டைகளை முதலில் எடுங்கள். ஒவ்வொரு அட்டையின் அடியிலும் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது, அந்த நொடியில் பார்ப்பவருக்கு என்ன ஆகிறது என்று பிள்ளையையே அங்கே எழுதச் சொல்லுங்கள். மணி அட்டையில் என் மகள் எழுதியது: 'அவர் பேச்சு பாதியில் நிற்கிறது. கதவைத் திறக்கப் போகும் எட்னா அந்த வீட்டு வேலைக்காரப் பெண்.' எட்னாவை நான் கவனித்ததே இல்லை. தயாரித்தவர்களுக்கு 1912 பற்றி எழுதிப் போட்டிருக்கிறேன். அவர்கள் திருத்தும்வரை எங்கள் பெட்டியில் அந்த அட்டைக்கு மேல் 1945 என்று எழுதிய ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது.